அம்மா 80 (பாட்டி இல்லாத குரூப்)

கவி: எல்லாரும் ஒரு நிமிஷம் பாருங்க. பாட்டியோட 80க்குக் குடுக்கற மரப் புதிரோட ஃபைலை இன்னிக்கு ராத்திரி அனுப்பியாகணும். நாளைக்குக் காலைல விட்டா லேசர்ல வெட்டற மெஷின் நமக்குக் கிடைக்காது.

கவி: (படம்)

கவி: ஒவ்வொருத்தருக்கும் ஒரு துண்டு. நடுவுல பாட்டியும் தாத்தாவும். சுத்தி பிறந்த வரிசைல பெரியப்பா, அத்தை, அப்பா எல்லாரும். வெளி வட்டத்துல நாங்க. பேர்ல எழுத்து சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க.

கீதா: அழகா இருக்குடி தங்கம்

தினேஷ்: சூப்பர்

வசந்தி: அப்பா துண்டு மட்டும் ஏன் சின்னதா இருக்கு

முரளி: இருக்கட்டும் விடு

அருண்: என் பேருக்கு மேல இருக்கறது மயிலா கோழியா

கவி: மயில்டா. வால் பாதி உன் துண்டுல, மீதி ப்ரியா அண்ணி துண்டுல.

ப்ரியா: எனக்கு வாலா

ரகு: கவி, நல்ல வேலை. சில விஷயம் சொல்றேன், எல்லாருக்கும் புரியணும். மரம் வெட்டற மெஷின்ல பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு லேசர் இருக்கும். 1964ல பெல் ஆய்வகத்துல குமார் பட்டேல் கண்டுபிடிச்சது. அதோட அலைநீளம் 10.6 மைக்ரான், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. மரம் அதை அப்படியே உறிஞ்சிக்கும். ரம்பம் மாதிரி அறுக்கறது இல்ல, கோடு போற இடத்துல மரத்தை ஆவியாக்கிடும். அதனால கோட்டுக்கு ஒரு அகலம் உண்டு. மெல்லிசான ப்ளைவுட்ல 0.1லேருந்து 0.2 மி.மீ. வரைக்கும் போயிடும். அந்த அளவுக்குத் துண்டுகள் நடுவுல இடைவெளி விழும். இதைக் கணக்குல எடுத்தியா?

அருண்: அப்பா, எங்க பேர் எல்லாம் சரியான்னுதான் கேட்டா

கவி: எடுத்தேன் மாமா. எல்லாத் துண்டையும் ஒரே பலகைல ஒரே கோட்டால வெட்டறேன். அந்த இடைவெளி பாட்டிக்கு நல்லது. ரொம்ப இறுக்கமா இருந்தா விரல் வலிக்கும்.

ரகு: அது சரி. பக்கத்துப் பக்கத்துத் துண்டுக்குத் தனித்தனியா கோடு வரைஞ்சிருந்தா ஒரே ஓரத்துல லேசர் ரெண்டு தடவை ஓடும். கருகிடும்.

கவி: இரட்டைக் கோடு எதுவும் இல்ல மாமா. எல்லாத்தையும் சரி பாத்தாச்சு.

மோகன்: சேகர் பேர் போட்டிருக்கே.

கவி: ஆமா பெரியப்பா

மோகன்: அவன்கிட்ட கேட்டியா

மல்லிகா: நாங்களும் இந்த குரூப்லதான் இருக்கோம் பெரிய அத்தான்

மோகன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கீதா: அண்ணா வேண்டாம்

தினேஷ்: கவி, எவ்ளோ தடிமன்?

கவி: 6 மி.மீ. ப்ளைவுட். 3ல வெட்டினா கருகல் கம்மி, வேலையும் சீக்கிரம் முடியும். ஆனா பாட்டியால மேஜைலேருந்து நகத்தால கெண்டி எடுக்க முடியாது. அதுக்காகத்தான் துண்டும் பெருசு. சின்ன துண்டே 5 செ.மீ. இருக்கு. ஃப்ரேம் ஓரத்துல அரைவட்டமா பள்ளம் விட்டிருக்கேன், அங்க விரலை விட்டுத் தூக்கலாம்.

வசந்தி: நல்ல யோசனை. அவங்களுக்கு வலது கட்டைவிரல் மடங்கறதே இல்ல

ப்ரியா: கலர் அடிப்பியா? இல்லேன்னா கலர் வினைல் ஷீட் ஒட்டி அப்படியே சேத்து வெட்டிடலாமே

கவி: அய்யோ அண்ணி வேண்டவே வேண்டாம். வினைல்னா பிவிசி. லேசர் பட்டா ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். மூச்சுக்கும் கெடுதல், மெஷினும் துருப்பிடிச்சிடும். வெட்டி முடிச்சப்புறம் கையால கலர் அடிக்கலாம்.

ப்ரியா: ஓ தெரியாதே. சரி சரி

அருண்: தாத்தாவோட செஸ் போர்டு குதிரையையும் இதுல வெட்டித் தர முடியுமா

தினேஷ்: ஆரம்பிச்சிட்டான்

அருண்: கறுப்புக் குதிரை. எத்தனை வருஷமா பென்சில் ஷார்ப்பனரை வச்சு விளையாடறோம்

தினேஷ்: தொலைச்சது நீதான்

அருண்: கடைசியா விளையாடினது யாரு

கீதா: ரெண்டு பேரும் எழுந்து போங்க இங்கேருந்து

கவி: லேசர் தட்டையாத்தான் வெட்டும் அருண். குதிரை வேணும்னா அடுக்கடுக்கா வெட்டி ஒட்டணும். பண்ணலாம், ஆனா இன்னிக்கு இல்ல.

ரகு: புதிர்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. 1760கள்ல லண்டன்ல ஜான் ஸ்பில்ஸ்பரின்னு ஒருத்தர், வரைபடம் செதுக்கறவர். வரைபடத்தை மரப் பலகைல ஒட்டி நாட்டு எல்லையோட அறுத்துக் கொடுத்தார். பசங்க நாடுகளைச் சேத்துச் சேத்து பூகோளம் படிச்சாங்க. அதுல ஒரு துண்டு இன்னொண்ணுக்குள்ள கோத்துக்கற குமிழ் கிடையாது, எல்லைக்கோடு எப்படிப் போகுதோ அப்படி. கவி பண்றதும் அந்த வேலைதான். நாட்டுக்குப் பதிலா நாம.

முரளி: நல்லா சொன்னீங்க அத்தான்

கவி: அதே விஷயத்துக்குத்தான் வரேன். என் புதிர்ல குமிழ் இருக்கு. எல்லாத் துண்டும் பக்கத்துத் துண்டைக் கோத்துப் பிடிக்கும். பிறந்த வரிசைல மோகன் பெரியப்பாவும் சேகர் பெரியப்பாவும் பக்கத்துப் பக்கத்துல வராங்க.

தினேஷ்: ம்

கவி: மோகன் பெரியப்பா துண்டோட குமிழ் சேகர் பெரியப்பா துண்டுக்குள்ள போகும்.

அருண்: வீட்டுப் பத்திரம் மாதிரி சிக்கிக்கும்

கீதா: அருண்!!!

மோகன்: வரிசையை மாத்து.

கவி: மாத்தினா பிறந்த வரிசை தப்பாகும் பெரியப்பா. பாட்டி மொதல்ல அதைத்தான் பாப்பாங்க.

தினேஷ்: ரெண்டு துண்டுக்கும் நடுவுல மட்டும் நேர்க்கோடு போட்டுடேன். குமிழ் வேண்டாம். பக்கத்துல இருக்கும், கோக்காது.

கவி: போடலாம். ஆனா பாட்டி இதை மடில வச்சு விளையாடுவாங்க. கோக்காத இடம் தூக்கினதும் பிரியும். அந்த ரெண்டு துண்டு மட்டும் எப்பவும் நழுவி நழுவி வந்தா, ஏன்னு கேப்பாங்க. அப்ப யார் பதில் சொல்றது?

கீதா: அம்மாக்குக் கை வச்சதும் தெரிஞ்சிடும்

முரளி: கவி சொல்றது சரின்னு தோணுது. வேற என்ன சொல்றதுன்னு தெரியல.

மோகன்: யோசிச்சுச் சொல்றேன்

வசந்தி: மேல பெருசா "அம்மா"ன்னு வருமா "பாட்டி"ன்னு வருமா? முடிவு பண்ணியாச்சா

தினேஷ்: பாட்டி

கீதா: அம்மா. நாங்கதான் முன்னாடி வந்தோம்

அருண்: ஓட்டு போட்டா நாங்கதான் அதிகம்

கவி: ரெண்டுலயும் ஒரே சிக்கல், புள்ளி. எழுத்தைத் தனியா வெட்டி எடுக்கும்போது ம் மேலயும் ட் மேலயும் இருக்கற புள்ளி எழுத்தைத் தொடாம நிக்கும். வெட்டினதும் தனியா உதிர்ந்து தட்டுக்கு அடியில விழுந்துடும். மெல்லிசா ஒரு பாலம் போட்டு ஒட்ட வைக்கலாம், ஆனா பாக்க அசிங்கமா இருக்கு.

ரகு: ஓலைச்சுவடி எழுதினவங்களும் புள்ளியை விட்டுடுவாங்க, ஓலை கிழிஞ்சிடும்னு. படிக்கறவங்க தானா சேத்துப் படிச்சுக்கணும்.

கவி: பாட்டியை அப்படிப் படிக்க விட மாட்டேன் மாமா. பின்னாடி கறுப்பு அடிச்ச பலகை வச்சு, அது மேல எழுத்தை ஒட்டப்போறேன். புள்ளி எங்க உக்காரணும்னு அந்தப் பலகைலயே லேசா வட்டம் பொறிச்சிருக்கேன். உதிர்ந்த புள்ளியை எடுத்து அங்க ஒட்டிட வேண்டியதுதான். துண்டுல இருக்கற பேர் எல்லாம் வெட்டறது இல்ல, பொறிக்கறதுதான். அதுல இந்தத் தொல்லை இல்ல.

ரகு: எழுத்தைக் கோடா மாத்திட்டியா? அந்த கம்ப்யூட்டர்ல உன் ஃபான்ட் இல்லேன்னா பேர் எல்லாம் கட்டம் கட்டமா வந்துடும்.

கவி: மாத்திட்டேன். எஸ்விஜி ஃபைல்ல இப்ப எழுத்தே இல்ல, எல்லாம் கோடுதான்.

சேகர்: என் பேர்ல கடைசி எழுத்துக்குப் புள்ளி காணோம்

கீதா: அண்ணா!

கவி: பெரியப்பா, இருக்கு. படத்தைப் பெருசு பண்ணிப் பாருங்க. பொறிக்கற லேயர் மங்கலாத்தான் தெரியும்.

சேகர்: சரி. தெரியுது.

கவி: பெரியப்பா, அந்தக் குமிழ் விஷயம்...

மல்லிகா: அவர் ஃபோனை வச்சிட்டார் கவி. நான் பேசிப் பாக்கறேன்

ப்ரியா: நான் ஒண்ணு கேக்கலாமா. பாப்பா பிறக்கப்போகுதே, அதுக்குத் துண்டு?

கவி: இருக்கு அண்ணி. வெளி ஓரத்தை மூடாம குழியா விட்டிருக்கேன், புதுசா வரவங்க அங்க கோத்துக்கலாம். பேர் இல்லாத துண்டு சிலதை இப்பவே சேத்து வெட்டி வச்சிடுவேன். அப்புறம் வெட்டினா வேற பலகையா இருக்கும். 6 மி.மீ.ன்னு எழுதியிருந்தாலும் ஒவ்வொரு பலகையும் கொஞ்சம் கூடக் குறைய வரும், பாப்பா மட்டும் மேடா நிக்கும். இழையும் நிறமும்கூட ஒத்துப்போகாது.

ப்ரியா: அழ வச்சிட்ட

வசந்தி: எத்தனை வெத்துத் துண்டு வெட்டறே? அருணுக்கும் சேத்துதானே

அருண்: அத்தை ப்ளீஸ்

முரளி: தாத்தா முகத்தை ஃபோட்டோவா பொறிப்பியா?

கவி: இல்லப்பா. பழைய ஃபோட்டோ, நிழல் அதிகம். மரத்துல பொறிச்சா கண்ணு மூக்கெல்லாம் ஒரே கறையாயிடும், ப்ளைவுட் இழை வேற குறுக்கே ஓடும். கண்ணாடியும் மீசையும் மட்டும் கோட்டோவியமா வரைஞ்சிருக்கேன். பாத்ததும் தாத்தான்னு தெரியும்.

கீதா: மீசை போதும்

மோகன்: அப்பா துண்டு யார் யார் துண்டோட கோக்குது?

கவி: பாட்டியோட ஒரு பக்கம். மத்த பக்கம் உங்களோடயும் சேகர் பெரியப்பாவோடயும்.

மோகன்: சரி.

தினேஷ்: சரின்னா? குமிழ் இருக்கலாமாப்பா?

கீதா: அண்ணா ஆஃப்லைன் போயாச்சு

கவி: நான் ரெண்டு ஃபைலும் பண்றேன். ஒண்ணுல குமிழ், ஒண்ணுல நேர்க்கோடு. காலைல மெஷின் முன்னாடி நிக்கற வரைக்கும் டைம் இருக்கு. ஆனா என் மனசுல குமிழ்தான்.

முரளி: எனக்கும்

கீதா: எனக்கும். மல்லிகா அண்ணி கேட்டுச் சொல்லுங்க

மல்லிகா: கேக்கறேன். இப்ப இல்ல, காலைல

தினேஷ்: "அம்மா"வா "பாட்டி"யா அது முடியலையே

வசந்தி: ரெண்டையும் வெட்டு, பலகை இருந்தா

கவி: பலகைல இடம் இருக்கான்னு பாக்கறேன். இன்னொண்ணு, மேல் பக்கம் முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டித்தான் வெட்டுவேன், புகைக்கறை படியாது. அதை உரிக்க ஆள் வேணும். பொறிச்ச எழுத்துக்குள்ள துணுக்குத் துணுக்கா நிக்கும்.

அருண்: நான் வரேன்

தினேஷ்: குதிரை வெட்டித் தருவான்னு வரான்

ரகு: கவி, பலகையோட தடிமனை வெர்னியர் வச்சு அளந்தியா?

கவி: அளந்தேன் மாமா. 5.7 வருது. நாலு மூலையிலயும் அதேதான்.

ரகு: அப்ப ஸ்டாண்டுல பலகை சொருகற பள்ளத்தை 6ன்னு விடாதே, ஆடும். லேசர் தின்னறதையும் கழிச்சு 5.5ன்னு வரை. மொதல்ல சின்னக் கழிவுத் துண்டுல வெட்டி சொருகிப் பாத்துட்டு மீதியை ஓட்டு.

கவி: சரி மாமா. இப்ப மாத்தி அனுப்பறேன், ஒரு தடவை பாத்துடுங்க.

ரகு: அனுப்பு. முழிச்சுதான் இருக்கேன்.