டிரில் மெஷின் கிடைத்துவிட்டது, எரிச்சல் போகவில்லை. இதுதான் மோகமா?

கேட்டவர்:
ஐந்து மாதமாகத் தம்பியோடு சரியாகப் பேசவில்லை. காரணம் ஒரு டிரில் மெஷின். வாங்கிப்போனவன் திருப்பித் தரவில்லை என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்லக் கூடாது. இரண்டாவது முறையாக அதை நீலப் பையில் போட்டுக்கொண்டு அவன் படியிறங்கியதைப் பார்த்த ஞாபகமே இருந்தது. போன ஞாயிறு பரணில், பழைய சூட்கேசுக்குப் பின்னால் மெஷின் இருந்தது. மேலே என் கையெழுத்தில் ஒட்டிய சீட்டு வேறு.

கிடைத்த பிறகும் எரிச்சல் போகவில்லை. "சரி, இதை எடுக்கவில்லை. ஆனால் அவன் ஆளே அப்படித்தான்" என்று மனசு அடுத்த குற்றத்தைத் தேடுகிறது. பௌத்தம் சொல்லும் மோகம் இதுவா? அறியாமை என்றால் தெரியாமல் இருப்பது. எனக்குத்தான் இப்போது தெரிந்துவிட்டதே?

மறுமொழி 1:
தம்பியிடம் சொல்லிவிட்டீர்களா? முதலில் போனைப் போடுங்கள். தத்துவம் அப்புறம்.

மறுமொழி 2:
மோகம் என்ற சொல் இன்றைய தமிழில் காதல், ஆசை என்று சுருங்கிவிட்டது. பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் அது மயக்கம். மணிமேகலை இன்னும் தெளிவு: பன்னிரண்டு நிதானங்களையும் (துன்பம் எழும் காரணச் சங்கிலியின் கண்ணிகள்) 'பேதைமை'யில் தொடங்குகிறது. பேதைமை வெறும் தகவல் குறைவு அல்ல, தலைகீழாகக் காண்பது.

புத்தரின் உரைத் தொகுப்புகளில் ஒன்றான அங்குத்தர நிகாயத்தில் ஓர் உரை (4.49) இதை விளக்குகிறது. நிலையற்றதை நிலையானதாக, துன்பத்தை இன்பமாக, நான் அல்லாததை நானாக, அழகற்றதை அழகாகக் கொள்வது என்று நான்கு புரட்டுகள். ஒவ்வொன்றும் மூன்று இடத்தில் நடக்கும்: சஞ்ஞா (அடையாளம் காண்பது), சித்தம் (எண்ணம்), திட்டி (ஊறிப்போன பார்வை). பரணில் மெஷின் கிடைத்ததும் உங்களுக்குத் திருந்தியது முதலாவது மட்டும். "அவன் ஆளே அப்படித்தான்" என்பது திட்டி. மாறிக்கொண்டே இருக்கும் ஒரு மனிதனை மாறாத ஒரே குணமாக உறைய வைத்துவிட்டீர்கள். அதைப் பரணில் தேடினால் கிடைக்காது.

மறுமொழி 3:
அதே நிகாயத்தில் 3.68-ஐயும் பாருங்கள். ஆசை சிறிய குற்றம், மெதுவாக விலகும். வெறுப்பு பெரிய குற்றம், சீக்கிரம் விலகும். மோகம் பெரிய குற்றம், விலகுவதும் மெதுவாக. மூன்றில் மோசமான கூட்டு இதுதான். அதை வளர்ப்பது அயோனிசோ மனசிகாரம், அதாவது வேரைப் பார்க்காமல் கவனம் செலுத்துவது.

கோபம் வந்தால் நெஞ்சு படபடக்கும், நமக்கே தெரியும். மயக்கம் அப்படித் தெரியாது. சும்மா பார்ப்பதுபோலவே இருக்கும்.

முதல் மறுமொழி எழுதியவரோடு எனக்கு ஒரு சின்ன வேறுபாடு. இந்த நிலையில் போன் செய்தால் மன்னிப்போடு ஒரு "ஆனால்" சேர்ந்து வரும். அது வாய்வரை வரும்போது கவனியுங்கள், போதும்.

கேட்டவர்:
நேற்று போன் செய்தேன். "ஆனால்" வந்தது, விழுங்கினேன். அவன் சிரித்துவிட்டு, "அண்ணா, நான் ஒரே ஒரு தடவைதானே வாங்கினேன், மறுநாளே தந்துவிட்டேனே. பரணில் வைக்கிறேன் என்று நீதான் சொன்னாய்" என்றான். நீலப் பையைப் பற்றிக் கேட்டேன். அப்படி ஒரு பை அவனிடம் இருந்ததே இல்லையாம்.

வேடிக்கை என்னவென்றால், இதைத் தட்டும்போதுகூட அந்தப் பை எனக்கு அப்படியே தெரிகிறது. ஒரு பக்கக் காது பிய்ந்திருக்கிறது.