ட்ரெல்லோவில் தேதி மாறுகிறது, கூகுள் கேலண்டரில் மாறவில்லை: கோடிங் இல்லாமல் வழி உண்டா?

கேள்வி: திருப்பூர் மெர்ச்சண்டைசர்

வணக்கமுங்க. பனியன் கம்பெனி ஒன்றில் வேலை. ஆர்டர் எல்லாம் ட்ரெல்லோ என்கிற, வேலைகளைக் கார்டு கார்டாகப் பார்க்கும் ஆப்பில்தான் ஓடுகிறது. லேப் டிப் (சாயம் சரிபார்க்கும் துணி மாதிரி), பிபி சாம்பிள் (தயாரிப்புக்கு முந்தைய மாதிரி), டையிங், கட்டிங், ஃபைனல் இன்ஸ்பெக்ஷன் என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கார்டு, அதில் ஒரு ட்யூ டேட் (முடிக்க வேண்டிய தேதி). யூனிட்டுக்கும் டையிங்குக்கும் அலைகிற எனக்கு செல்போன் கேலண்டர்தான் தோது என்று போன மாதம் இரண்டையும் இணைத்தேன். முதல் நாள் எல்லாத் தேதியும் சரியாக வந்தது.

போன வாரம் டையிங் பார்க்கிற தம்பி, துணி வரத் தாமதம் என்று ஒரு ஸ்டைலின் கட்டிங்கை 14இலிருந்து 17க்கு மாற்றியிருக்கிறார். ட்ரெல்லோவில் 17, என் கேலண்டரில் 14. அதை நம்பி கட்டிங் ஆட்களை வரச் சொல்லிவிட்டேன். காலை எட்டு மணிக்கு வந்து, வெறும் டேபிளைப் பார்த்துக்கொண்டு பதினொன்று வரை உட்கார்ந்திருந்தார்கள். பீஸ் ரேட் ஆட்கள். வேலை இல்லையென்றால் கூலி இல்லை. அது இன்னும் வெசனமாக இருக்கிறது. எனக்குக் கோடிங் தெரியாது. என்ன செய்யலாம்?

ஈரோட்டுக்காரர்

ஒரு விவரம் சொல்லுங்க. கூகுளில் எப்படிச் சேர்த்தீர்கள்? லிங்க்கை ஒட்டினீர்களா, ஃபைலை இறக்கி ஏற்றினீர்களா?

திருப்பூர் மெர்ச்சண்டைசர்

லிங்க்கைத் திறந்தேன், ஒரு ஃபைல் இறங்கியது. அதை ‘இம்போர்ட்’ கொடுத்தேன் அண்ணா.

ஈரோட்டுக்காரர்

அங்கேதான் சிக்கல். இம்போர்ட் செய்தால் அந்த நிமிடத்துத் தேதிகளின் நகல் மட்டும் வரும். அதற்கப்புறம் ட்ரெல்லோவுக்கும் அதற்கும் தொடர்பே கிடையாது.

கார்டுகள் இருக்கும் ட்ரெல்லோ போர்டில் கேலண்டர் பவர்-அப்பை (கூடுதல் வசதி) திறந்து, அதன் செட்டிங்கில் ஐகேலண்டர் ஃபீட் லிங்க்கை, அதாவது தேதிகளைக் கேலண்டருக்குத் தரும் முகவரியை எடுங்க. திறக்க வேண்டாம், காப்பி மட்டும். கம்ப்யூட்டர் பிரவுசரில் கூகுள் கேலண்டரின் இடப்பக்கம் ‘அதர் கேலண்டர்ஸ்’ பக்கத்தில் கூட்டல் குறி இருக்கும். அதில் ‘ஃப்ரம் யூஆர்எல்’ கொடுத்து ஒட்டுங்க. செல்போன் ஆப்பில் இந்த வசதி இல்லை. ஆனால் சேர்த்த பிறகு அதிலும் தெரியும். தெரியாவிட்டால் ஆப்பின் செட்டிங்கில் அந்தக் கேலண்டருக்கு ‘சிங்க்’ ஆனில் இருக்கிறதா பாருங்க.

ட்யூ டேட் இல்லாத கார்டு வராது. அந்த லிங்க் யார் கையில் இருந்தாலும் உங்கள் போர்டின் தேதிகளைப் பார்க்கலாம், அதனால் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடாதீர்கள். பையர் பெயரெல்லாம் அதில் இருக்குமல்லவா?

பழைய இம்போர்ட் நகல்களை அழிக்காவிட்டால் 14ம் 17ம் சேர்ந்தே தெரியும். உங்கள் சொந்தக் கேலண்டரிலேயே ஏற்றியிருந்தால் ஒவ்வொன்றாகத்தான் அழிக்க வேண்டும். பொறுமையாகச் செய்யுங்க, அதை விட்டால் மறுபடி இதே குழப்பம்தான்.

பல்லடத்து டிசைனர்

அண்ணன் சொன்னது சரி. இன்னொன்று: லிங்க் வழியாகச் சேர்த்தாலும் மாற்றம் உடனே வராது. 12 மணி நேரம் வரை ஆகலாம் என்று கூகுளின் உதவிப் பக்கமே சொல்கிறது. போக்கும் ஒருவழிதான், கேலண்டரில் தேதியை இழுத்து மாற்றி ட்ரெல்லோவுக்கு அனுப்ப முடியாது.

உடனே வேண்டுமென்றால், ஒரு ஆப்பில் நடப்பதை இன்னொன்றுக்குத் தானாகக் கொண்டுபோகும் ஜேப்பியர் மாதிரி சேவைகள் உண்டு, கோடிங் வேண்டாம். ஆனால் இலவசத் திட்டத்தில் மாதம் 100 டாஸ்க் (தானாகச் செய்து தரும் வேலை), ஒரு ஓட்டத்துக்கு (தானியங்கித் தொடருக்கு) இரண்டு படி மட்டும். மாறிய தேதிக்குப் பழைய நிகழ்வைத் தேடி எடுத்துத் திருத்த மூன்று படி வேண்டும், அதற்குக் காசு கட்ட வேண்டும். இரு பக்கமும் ஓட்டம் வைத்தால் ஒன்று மற்றொன்றைக் கிளப்பிவிட்டு ஒரே கட்டிங் நான்கைந்து தடவை வந்து நிற்கும். நான் பட்டிருக்கிறேன்.

உங்கள் வேலைக்கு அது தேவையில்லை தங்கச்சி. கட்டிங், இன்ஸ்பெக்ஷன் கார்டுகளில் ‘வாட்ச்’ கொடுத்து, ட்ரெல்லோ ஆப்பை செல்போனில் வைத்துக்கொள்ளுங்க. தேதி மாறினால் அறிவிப்பு வந்துவிடும்.

திருப்பூர் மெர்ச்சண்டைசர்

நேற்று லிங்க் வழியாகச் சேர்த்து, பழைய நகல் 63ஐயும் அழித்தேன். சோதனைக்கு ஒரு கார்டின் தேதியைச் சாயந்திரம் டையிங் தம்பியை மாற்றச் சொன்னேன். இன்று காலை செல்போனில் புதுத் தேதி. ‘வாட்ச்’ அறிவிப்பு அப்போதே வந்துவிட்டது. இனி தேதி மாற்றினால் கார்டில் ஒரு வரி காரணம் எழுதவும் அவரிடம் சொல்லியிருக்கிறேன். இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க.