எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) சிற்பத்தில் துரு: காரணம் தெரிந்தது (புதுப்பிப்பு)

பொதுப் பட்டறையில் செய்து வெளியே வைத்த 304 ரக ஸ்டெயின்லெஸ் சிற்பத்தில் மூன்றே வாரத்தில் பழுப்புப் புள்ளி வந்ததைப் போன இழையில் கேட்டிருந்தேன். தகடு மட்டமான சரக்கு என்றார்கள் பலர். தகட்டில் குறையில்லை, காரணம் பக்கத்து மேசை.

அங்கே எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) என்னும் சாதா இரும்பைக் கிரைண்டரில் தேய்க்கும்போது பறக்கும் பொறி, எஸ்.எஸ். பரப்பில் சூடாகப் பதிந்துவிடுகிறது. முதலில் துருப்பிடிப்பது அந்தத் துகள்தான். அப்படியே விட்டால் அடியில் குழி விழும். எம்.எஸ்.ஸில் ஓட்டிய டிஸ்க்கையோ கம்பி பிரஷ்ஷையோ எஸ்.எஸ்.ஸில் வைத்தாலும் இதே கதி. சோதனை சுலபம்: ஈரத்துணியை ஒரு இரவு போர்த்தி வையுங்கள், துகள் உள்ள இடம் காலையில் ஆரஞ்சாகத் தெரியும்.

சரிசெய்ய பிக்ளிங் பேஸ்ட்தான், அதாவது பதிந்த இரும்பைக் கரைத்தெடுக்கும் அமிலப் பசை. அதில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கிறது. முகம் முழுவதையும் மறைக்கும் கவசம், அமிலம் தாங்கும் கையுறை, அமிலம் தோலில் பட்டால் முதலுதவிக்குத் தடவும் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் இல்லாமல் டப்பாவைத் திறக்கவே கூடாது. டப்பாவில் அச்சிட்டிருக்கும் நேரம் முடிந்ததும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பாத்ரூம் ஆசிட் வேண்டவே வேண்டாம், அதிலுள்ள குளோரைடு குழியை ஆழமாக்கும்.

எஸ்.எஸ். வேலையைத் தனி அறைக்குத் தள்ளுங்கள் என்று சிலர் சொன்ன யோசனையில் எனக்கு உடன்பாடில்லை. 1982-இல் பிரிட்டிஷ் சிற்பி அந்தோனி கேரோவும் கலைப்பொருள் சேகரிப்பாளர் ராபர்ட் லோடரும் நியூயார்க் மாநிலத்தில் டிரையாங்கிள் என்ற கலைஞர் பட்டறையைத் தொடங்கியதே, கலைஞர்கள் சேர்ந்து வேலை செய்யத்தான். ஆட்களைப் பிரிக்காமல் கருவிகளைப் பிரிக்கலாம்: எஸ்.எஸ். டிஸ்க், பிரஷ், ஃபைலுக்கு நீலப் பெயிண்ட், நடுவில் வெல்டிங் திரை, வேலை இல்லாதபோது தகட்டின்மேல் தார்ப்பாய்.