நகைக்கடன் கெடு இன்னும் 12 நாள்தான், காரைக்குடிப் பக்கம் வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ஆத்தங்குடியில் இருக்கிறோம். போன ஆடியில் 3 பவுன் சங்கிலியை வங்கியில் வைத்து 1,20,000 வாங்கினோம். வட்டி 11,000 எப்படியோ தேற்றிவிட்டேன். வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைக்க முடியாதாம், அசலையும் சேர்த்துக் கட்டச் சொல்கிறார்கள்.

அவருக்கு டைல்ஸ் பட்டறையில் வாரம் 3 நாள்தான் வேலை. நான் பலகாரம் போடுகிறேன். ஆடியில் கல்யாண ஆர்டர் ஏது? தேன்குழல் அச்சு எண்ணெய்ப் பிசுக்கோடு அப்படியே கிடக்கிறது.

வங்கி மேலாளரிடம் 2 தடவை கேட்டாயிற்று. மகளிர் குழுவில் பழைய கடனே தை வரை ஓடும். நகையை மீட்டு அன்றே மறுபடி அடகு வைக்க, ஒருவர் ஒரு நாளைக்குப் பணம் புரட்டித் தருகிறேன் என்றார், அதற்கு 3,000 கமிஷனாம். அந்தக் காசில் மாத மளிகையே முடிந்துவிடும்.

வேறு வங்கியோ கூட்டுறவுச் சங்கமோ நேரடியாகப் பணம் கட்டி, நகையை மீட்டுத் தங்களிடம் மாற்றிக்கொள்வார்களா? அப்படி மாற்றியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?