சல்பைட்டு குறைந்த, சர்க்கரை குறைந்த ஒயின்: தென்னாப்பிரிக்காவில் நம்மவர்களின் அனுபவங்கள்

மியர்பேங்க், டர்பன்

என் அண்ணனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. எங்கள் பகுதியில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அப்போதெல்லாம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் புகை எங்கள் பக்கம் திரும்பிய நாள்களில் வகுப்பறையே இருமியது. அந்தப் புகையில் இருந்த கந்தக டை ஆக்சைடுதான் ஒயின் கெடாமல் இருக்கவும் சேர்க்கப்படுகிறது, லேபிளில் சல்பைட்டு என்று எழுதுவது இதைத்தான் என்று ஒரு மருந்தாளுநர் சொன்ன பிறகு, அண்ணன் லேபிளைப் படிக்காமல் எந்தப் பாட்டிலையும் திறப்பதில்லை.

மகளின் பட்டமளிப்புக்காகக் குடும்பமாகக் கேப் பகுதியில் ஒயினுக்குப் பேர்போன ஸ்டெல்லன்பாஷ் போயிருந்தோம். அங்கே ஒரு தோட்டத்தில் ஒயின் சுவைக்கும் கூடத்தில் உட்கார்ந்ததும் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, “இதில் மொத்தக் கந்தகம் எவ்வளவு?” பரிமாறிய பெண் முகம் சுளிக்கவில்லை. உள்ளே போய் ஒவ்வொரு ஒயினின் பகுப்பாய்வுத் தாளையும் எடுத்து வந்தார். சல்பைட்டு சேர்க்காத சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கும் குறைவு. பக்கத்திலிருந்த வெள்ளை ஒயினில் நூற்றுக்கு மேல். அண்ணன் முதலாவதை எடுத்துக்கொண்டார், மூச்சில் ஒரு மாற்றமும் இல்லை.

பிறகுதான் பாலாடைக்கட்டித் தட்டு வந்தது. அதன் ஓரத்தில் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் உலர்ந்த ஆப்ரிகாட். இரண்டு வாய் மென்று முடிப்பதற்குள் அண்ணனுக்கு நெஞ்சு இறுகிவிட்டது. இன்ஹேலர் என் கைப்பையில் இருந்தது நல்லதாயிற்று. அந்தப் பளிச்சென்ற நிறமே கந்தகத்தால் வருவது. போடாத ஆப்ரிகாட் பழுப்பாகக் கறுத்திருக்கும். ஐரோப்பிய விதிகள் உலர்ந்த ஆப்ரிகாட்டில் கிலோவுக்கு 2000 மில்லிகிராம் வரை கந்தக டை ஆக்சைடை அனுமதிக்கின்றன. சாதாரணச் சிவப்பு ஒயினுக்கு அங்கே உச்சவரம்பு லிட்டருக்கு 150தான். ஆஸ்துமா உள்ளவர்கள் பாட்டிலை மட்டும் பார்த்தால் போதாது, தட்டையும் பார்க்க வேண்டும்.

உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்திருக்கிறதா? ஆர்கானிக், சர்க்கரை குறைந்தது என்று வாங்கியவர்களும் எழுதுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்

அக்கா, எனக்கு நீரிழிவு. நம் சமூகத்தில் அது இல்லாத வீட்டைத் தேடத்தான் வேண்டும். எங்கள் ஊர் மதுக்கடை ஒன்றில் விற்பனையாளர் ஒரு பாட்டிலை நீட்டி, “அங்கிள், இதில் சர்க்கரை குறைவு, உங்களுக்கு ஏற்றது” என்றார். நல்ல பையன், அன்போடுதான் சொன்னார். ஆனால் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

150 மில்லி கிளாஸ், 13 சதவீத ஆல்கஹால். அதில் சுமார் 15 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. கிராமுக்கு 7 கலோரி, ஆக நூற்றுக்கும் மேல். லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை உள்ள உலர் ஒயினில் (இனிப்பில்லாத ‘டிரை’ ஒயின்) அந்தக் கிளாஸின் பங்கு அரைக் கிராம் சொச்சம், இரண்டரைக் கலோரி கூட வராது. அதையும் பாதியாக்கினேன் என்று பாட்டிலில் எழுதினால் எனக்கு மிச்சமாவது ஒரு கலோரி. சாதாரண உலர் ஒயினிலேயே சர்க்கரை குறைவுதான், தனி விலை கொடுக்க வேண்டியதில்லை. உண்மையான வித்தியாசம், நம் கல்யாண வீடுகளில் ஓடுகிறதே இனிப்புச் சிவப்பு ஒயின், அதை விடுவதில் இருக்கிறது. லிட்டருக்கு 60 கிராம் என்றால் ஒரு கிளாஸில் 9 கிராம், இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரைக்கு மேல்.

இன்னொன்றைப் பெரிதாகச் சொல்ல விரும்புகிறேன். நான் இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் கிளிக்லசைடு மாத்திரை போடுகிறேன். ஒரு விருந்தில் சாப்பாடு தாமதமாக, வெறும் வயிற்றில் உலர் ஒயின் குடித்தேன். நடு இரவில் உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, மனைவி சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்துத்தான் தெளிந்தேன். ஆல்கஹாலைக் கவனிக்கும் வேலையில் இருக்கும்போது கல்லீரல் இரத்தத்துக்குச் சர்க்கரையை விடுவிப்பது குறைந்துவிடுகிறது, அதோடு மாத்திரையும் சேர்ந்தால் சர்க்கரை சரிந்துவிடும் என்று டாக்டர் விளக்கினார். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் இதே ஆபத்து. எந்த லேபிளிலும் இது எழுதியிருக்காது. தயவுசெய்து டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

ஸ்டெல்லன்பாஷ்

நான் இங்கே ஒயின் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன், பூர்வீகம் டர்பன். அக்கா, உங்கள் அண்ணன் தாளைக் கேட்டு வாங்கியதற்கு என் வணக்கம். கேட்டால் பெரும்பாலான தோட்டங்கள் கொடுத்துவிடும், கேட்கிறவர்கள்தான் குறைவு.

“கந்தகமே இல்லாத ஒயின்” என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். நொதிக்கும்போது ஈஸ்டே கொஞ்சம் உண்டாக்கிவிடும். “சேர்க்கவில்லை” என்பதுதான் சரியான சொல். லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் லேபிளில் சல்பைட்டு உண்டு என்று போட்டாக வேண்டும்.

ஆர்கானிக் என்பது வேறு கணக்கு. கொடிக்குச் செயற்கைப் பூச்சிக்கொல்லியும் களைக்கொல்லியும் கூடாது. ஆனால் கந்தகத் தூளும் செம்பு மருந்தும் அனுமதிக்கப்பட்டவை. ஐரோப்பிய ஆர்கானிக் விதியிலும் சல்பைட்டு சேர்க்கலாம், உலர்ந்த சிவப்புக்கு 100 மில்லிகிராம் வரை. அமெரிக்காவிலோ “ஆர்கானிக் ஒயின்” என்றால் சேர்க்கவே கூடாது. ஒரே தோட்டத்து ஒயின் இரண்டு நாட்டுக்கு இரண்டு லேபிளோடு போவது இதனால்தான். நம் பாட்டில் கழுத்தில் ஒட்டியிருக்கும் நிலைத்தன்மை முத்திரையையும் பலர் ஆர்கானிக் என்று எண்ணுகிறார்கள். அது பொறுப்பான சாகுபடிக்கான முத்திரை, ஆர்கானிக் சான்று தனியாக இருக்க வேண்டும்.

சிவப்பில் திராட்சைத் தோலின் டானின் என்ற துவர்ப்புப் பொருளே ஓரளவு பாதுகாப்பு, அதனால் வெள்ளையைவிடக் குறைவாகப் போதும். இனிப்பு ஒயின் பாட்டிலுக்குள் மறுபடி நொதிக்காமல் இருக்க அதிகம் போடுவார்கள். ஆக, உலர்ந்த சிவப்பைத் தேர்ந்தெடுத்தால் சர்க்கரை, கந்தகம் இரண்டுமே பொதுவாகக் குறையும். இங்கே ரெய்னெக்கே, பார்லில் அவொண்டேல், வடக்கே ஒலிஃபான்ட்ஸ் ஆற்றுப் பக்கம் ஸ்டெல்லர் ஆகியவை இயற்கை வேளாண்மையில் பேர் பெற்றவை. வெர்கெனுக்ட் தோட்டத்தில் நத்தைகளைத் தின்ன இந்தியன் ரன்னர் வாத்துகள் வரிசையாக நடந்துபோவதைக் குழந்தைகளோடு வந்து பாருங்கள், அவ்வளவு அழகு!

தலைவலிக்குச் சல்பைட்டைப் பழிக்கிறார்கள். அப்படியானால் வெள்ளை ஒயின்தானே அதிகம் வலிக்க வேண்டும்? பெரும்பாலோர் சொல்வது சிவப்பை. 2023-இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் திராட்சைத் தோலில் உள்ள குவெர்செட்டின் என்ற பொருள் காரணமாக இருக்கலாம் என்று எழுதினார்கள். இன்னும் உறுதியாகவில்லை.

சாட்ஸ்வர்த்

புரட்டாசி முழுவதும் எங்கள் வீட்டில் மாமிசமும் மதுவும் கிடையாது. மற்ற மாதங்களிலும் என் கணவர் சைவம். ஒயினைத் தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பொருள் ஆகியவற்றைப் பயன்படுத்துவது உண்டு என்று தெரிந்தபோது அவர் மிகவும் வருந்தினார். ஆர்கானிக் என்றாலும் இது நடக்கலாம். சைவர்கள், விலங்குப் பொருள் எதையும் பயன்படுத்தவில்லை என்று காட்டும் “வீகன்” முத்திரையைத் தனியாகத் தேடுங்கள்.

நான் செவிலியர், ஆகவே இதையும் சொல்லாமல் போக முடியாது. “ஆரோக்கியமான ஒயின்” என்ற பேச்சு எனக்கு வலிக்கிறது. மதுவைப் புற்றுநோய்க் காரணி என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1988-இலேயே முதல் பிரிவில் வைத்துவிட்டது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாக அறிவித்தது. கேப் பண்ணைகளில் கூலியின் ஒரு பகுதியை ஒயினாகவே கொடுத்த “டாப்” முறை எத்தனை குடும்பங்களை அழித்தது! கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் அந்தப் பகுதிகளில் இன்றும் பிறக்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கு ஆர்கானிக்கும் வேண்டாம், சல்பைட்டு இல்லாததும் வேண்டாம்.

மியர்பேங்க், டர்பன்

தங்கச்சி, நீங்கள் சொன்னதை அண்ணனிடம் படித்துக் காட்டினேன். ஆரோக்கியத்துக்காகக் குடிப்பதாக அவரும் சொன்னதில்லை. எப்போதாவது ஒரு கிளாஸ் எடுக்கும்போது மூச்சு முட்டக் கூடாது, அவ்வளவுதான் வேண்டும். குடிக்காதவர்கள் இதைப் படித்துத் தொடங்க வேண்டாம் என்று நானும் சேர்த்துக்கொள்கிறேன்.

வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். சல்பைட்டு சேர்க்காத ஒயின் டர்பன் வெயிலைத் தாங்காது. காரின் டிக்கியில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றாதீர்கள். குளிர்ச்சியான கடையில், புதிய ஆண்டுப் பாட்டிலாகப் பார்த்து வாங்குங்கள். திறந்தால் குளிர்பெட்டியில் வைத்து மறுநாளுக்குள் முடித்துவிடுங்கள், மிஞ்சினால் கொட்டிவிடுங்கள். அண்ணன் தன் பாட்டிலின் மேல் திறந்த தேதியைப் பேனாவால் எழுதிவைக்கிறார்.