சிமென்ட் அடித்தளச் சாலையில் ரட்டிங் (சக்கரத்தடப் பள்ளம்): ஐஐடிபேவ் மென்பொருள் தரும் எண்ணை நம்பலாமா?

கேள்வி:
வணக்கம். சாலை அடுக்குகள் மேலிருந்து: பி.சி. (மேல் தார்க் கலவை) 40 மி.மீ., டி.பி.எம். (அதன் கீழ்த் தார்க் கலவை) 60, ஜல்லி இடையடுக்கு 100, சி.டி.பி. (சிமென்ட் கலந்த அடித்தளம்) 120, அதன் கீழ் சி.டி.எஸ்.பி. (சிமென்ட் கலந்த துணை அடித்தளம்) 200. ஐஐடிபேவில் சப்கிரேடின் (அடிமண்) மேற்பரப்பில் செங்குத்துத் திரிபு (அமுங்கும் விகிதம்) 0.000200 வருகிறது. இந்தியச் சாலை வடிவமைப்பு நெறிமுறையான ஐ.ஆர்.சி. 37-2018இன் 90% நம்பகச் சமன்பாட்டில் போட்டால் ஆயுள் 830 எம்.எஸ்.ஏ. (பத்து லட்சம் நிலையான அச்சுச் சுமைகள் ஒரு எம்.எஸ்.ஏ.) வருகிறது, தேவையோ 50தான். ரட்டிங் கவலை இல்லை என்று விட்டுவிடலாமா?

பதில் 1:
கணக்கு சரி சார், முடிவுதான் தவறு. அந்தச் சமன்பாடு சப்கிரேடு திரிபை மட்டும் வைத்து 20 மி.மீ. பள்ளத்துக்கான ஆயுளைச் சொல்கிறது. சி.டி.பி.க்கு 5000 எம்.பி.ஏ. மாடுலஸ் (விறைப்பு) கொடுத்திருப்பீர்கள். அவ்வளவு விறைப்பான பலகைக்குக் கீழே மண்ணுக்குப் போகும் பாரம் மிகக் குறைவு. பள்ளம் விழுந்தால் பெரும்பாலும் தார்க் கலவைக்குள்தான். கோடையில், லாரிகள் ஊர்ந்து ஏறும் மேட்டிலும் சிக்னல் முன்பும் முதலில் தெரியும்.

சக்கரத்தடத்தின் ஓரத்தில் கலவை பிதுங்கி மேடு கட்டியிருந்தால் காரணம் தார்க் கலவைதான். மேடில்லாமல் அகலமாகத் தாழ்ந்திருந்தால் கீழ் அடுக்குகளைப் பாருங்கள். விரிசல் வழியே வெளிறிய சேறு வந்தால் சி.டி.பி. அரிக்கிறது.

பதில் 2:
தார் அடுக்கைத் தனியாகக் கணிக்க சீனாவின் தார்ச்சாலை வடிவமைப்பு நெறிமுறை ஜே.டி.ஜி. டி50-2017 உதவும், அங்கே சிமென்ட் அடித்தளம்தான் வழக்கம். தாரை மெல்லிய துணை அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் பள்ளத்தையும் கூட்டுகிறார்கள். அந்தச் சமன்பாட்டில் வெப்பநிலைக்குப் படி (அடுக்குக்குறி) 2.93, செங்குத்து அழுத்தத்துக்கு 1.80, அச்சுச் சுமை எண்ணிக்கைக்கு 0.48. அதாவது போக்குவரத்து இரட்டித்தால் பள்ளம் 40% கூடும். வெப்பநிலை 10% ஏறினாலே 32% கூடிவிடும். கலவையின் குணம் சக்கரத்தட சோதனையிலிருந்து வருகிறது: 60 டிகிரி செல்சியஸ், 0.7 எம்.பி.ஏ., 2520 ஓட்டம், 50 மி.மீ. பலகை. சிமென்ட் அடித்தள விரைவுச்சாலைக்கு அனுமதி 15 மி.மீ.

அதன் வெப்பநிலை அட்டவணை சீன ஊர்களுக்கானது. நம் ஊருக்கு அப்படியே எடுக்காதீர்கள்.

கேட்டவர்:
நன்றி. அமெரிக்கச் சாலை வடிவமைப்பு வழிகாட்டியான எம்.இ.பி.டி.ஜி.யின் சமன்பாட்டிலும் போட்டுப் பார்த்தேன், 4 மி.மீ.தான் வருகிறது. வெப்பநிலை 50 கொடுத்தேன்.

பதில் 2:
அது ஃபாரன்ஹீட்டில் கேட்கும்! 50 செல்சியஸ் என்றால் 122. படி 1.56 என்பதால் விடை சுமார் நான்கு மடங்காகும். உங்கள் 4 கிட்டத்தட்ட 16 ஆகிறது. சி.டி.பி.யின் நிரந்தரத் திரிபை அது சுழியமாக எடுத்துக்கொள்கிறது என்பதையும் கவனியுங்கள்.

பதில் 1:
இன்னொன்று. சீன அமைப்பில் தார் நேரே சிமென்ட் அடுக்கின் மேல் உட்காரும். உங்களுக்கு நடுவே 450 எம்.பி.ஏ. ஜல்லி அடுக்கு இருப்பதால் அழுத்தப் பரவல் வேறு, அந்த ஜல்லியும் கொஞ்சம் அமுங்கும். அழுத்தத்தை உங்கள் அடுக்கமைப்புக்கே ஐஐடிபேவில் எடுத்துப் போடுங்கள். வி.ஜி.-40 என்ற கெட்டித் தாரை பி.சி.யோடு நிறுத்தாமல் டி.பி.எம்.முக்கும் கொடுங்கள், வெட்டுத் தகைவு (கலவையைச் சறுக்கித் தள்ளும் அழுத்தம்) பரப்புக்குச் சில செ.மீ. கீழேதான் அதிகம்.