சாய்வு −3/4னு வருது, ஆனா கோடு மேல ஏறுது. உதவி!

பத்தாவது_பி:
நாளைக்கு டெஸ்ட். கணக்குல சாய்வு −3/4னு வருது. ஆனா அச்சுகளை வெட்டுற ரெண்டு புள்ளியையும் குறிச்சு ஸ்கேல் வெச்சுக் கோடு போட்டா மேல ஏறுது. கட்டம் எண்ணிப் பார்த்தா 6க்கு 4, அதாவது 1.5. அச்சுகளோட சேர்ந்து வர்ற முக்கோணத்தோட பரப்பு வேற −24. எங்க தப்பு? சீக்கிரம் சொல்லுங்க.

கணக்குப்புள்ளி:
சமன்பாடு எங்கப்பா? புள்ளி ரெண்டும் என்ன வந்துச்சு?

வரைபடத்தாள்:
ரெண்டு அச்சுக்கும் என்ன அளவுத்திட்டம் எடுத்தீங்க? 6க்கு 4ங்கிறது சென்டிமீட்டரா, அலகா? எனக்கு அளவுத்திட்டத்து மேலதான் சந்தேகம்.

நடுப்புள்ளி:
மேல ஒய் வித்தியாசம் எடுக்கும்போது இரண்டாவதுல இருந்து முதலாவதைக் கழிச்சிருப்பீங்க, கீழ எக்ஸுக்கு முதலாவதுல இருந்து இரண்டாவதைக் கழிச்சிருப்பீங்க. வரிசை மாறினா குறி மாறிடும். இதுவாத்தான் இருக்கும்.

செங்கோணம்:
பாடத்தோட முதல் ரெண்டு பக்கத்தைப் படிச்சிருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது. இடமிருந்து வலமா ஏறினா சாய்வு மிகை, இறங்கினா குறை. வாய்ப்பாட்டை மட்டும் மனப்பாடம் பண்ணினா இப்படித்தான்.

பத்தாவது_பி:
சாரி. 3எக்ஸ் − 4ஒய் − 24 = 0. புள்ளி (8, 0), (0, −6). சாய்வுக்கு −(எக்ஸ் கெழு / ஒய் கெழு) போட்டேன். எக்ஸ் அச்சுல 1 செ.மீ = 2 அலகு, ஒய் அச்சுல 1 செ.மீ = 1 அலகு.

கணக்குப்புள்ளி:
புள்ளி ரெண்டும் சரி, கோடும் சரி. ஒய்யோட கெழு, அதாவது ஒய்க்கு முன்னால நிக்கிற எண், 4 இல்ல, −4. குறியை விட்டுட்டு எண்ணை மட்டும் எடுத்திருக்கீங்க. −(3 / −4) = 3/4. சரிபார்க்க ஒய்யைத் தனியாப் பிரிங்க:

4ஒய் = 3எக்ஸ் − 24
ஒய் = (3/4)எக்ஸ் − 6

சாய்வு 3/4, ஒய் வெட்டுத்துண்டு (கோடு ஒய் அச்சை வெட்டுற இடம்) −6. புள்ளிகளை வெச்சுப் பார்த்தாலும் (−6 − 0)/(0 − 8) = 3/4தான். வெட்டுத்துண்டுக்குக் குறி உண்டு, முக்கோணத்தோட பக்க நீளத்துக்குக் கிடையாது. அதனால பரப்பு ½ × 8 × 6 = 24 சதுர அலகு.

வரைபடத்தாள்:
1.5 வந்தது நான் சொன்ன காரணத்தாலதான். கிடையா 8 அலகு உங்க தாள்ல 4 செ.மீ, நெட்டா 6 அலகு 6 செ.மீ. நீங்க எண்ணினது செ.மீ. அலகா மாத்தினா 6/8. கோணமானி வெச்சாலும் இந்தத் தாள்ல 56° பக்கம் காட்டும், உண்மையான சாய்வுக் கோணம் கிட்டத்தட்ட 37°. கோணம் அளக்கணும்னா ரெண்டு அச்சுலயும் ஒரே அளவுத்திட்டம் எடுங்க.

செங்கோணம்:
கெழு வாய்ப்பாட்டையே தூக்கிப் போடுங்க. எப்பவும் ஒய் = எம்எக்ஸ் + சி வடிவத்துக்குக் கொண்டு வந்தா குறி தப்பவே தப்பாது.

நடுப்புள்ளி:
எப்பவுமா? எக்ஸ் = 5ஐ அந்த வடிவத்துல எழுதிக் காட்டுங்க.

செங்கோணம்:
அது செங்குத்துக் கோடு, சாய்வு முடிவிலி. யாருக்குத் தெரியாது?

கணக்குப்புள்ளி:
முடிவிலின்னு தேர்வுல எழுத வேண்டாம், வரையறுக்கப்படாததுன்னு எழுதுங்க. கொஞ்சம் வலப்பக்கம் சாய்ஞ்ச கோட்டுக்கு சாய்வு 1000னா, அதே அளவு இடப்பக்கம் சாய்ஞ்சதுக்கு −1000. நடுவுல நிமிர்ந்து நிக்கிற கோட்டுக்கு எந்தப் பக்கத்து மதிப்பைக் கொடுப்பீங்க? ஒண்ணுக்கொண்ணு செங்குத்தா வெட்டுற கோடுகளோட சாய்வுப் பெருக்கல் −1ங்கிற விதியும் எக்ஸ் = 5, ஒய் = 2 ஜோடிக்குச் செல்லாது, ரெண்டும் 90°ல வெட்டினாலும்.

செங்கோணம்:
பத்தாம் வகுப்புப் பையனுக்கு இவ்வளவு தேவையில்ல.

நடுப்புள்ளி:
ஒரு மதிப்பெண் கேள்வியில இதைத்தான் கேக்குறாங்க. தேவைதான்.

பத்தாவது_பி:
3/4, 24 ரெண்டும் வந்துடுச்சு. நன்றி.

புதுநோட்டு:
இதுலயே கேட்டுக்கிறேன். ஒய் = −2எக்ஸ் கோட்டை எக்ஸ்/ஏ + ஒய்/பி = 1 வடிவத்துல எழுதணும். வரவே மாட்டேங்குது.

கணக்குப்புள்ளி:
வராது. அந்தக் கோடு ஆதிப்புள்ளி வழியாப் போகுது, ரெண்டு வெட்டுத்துண்டும், அதாவது ஏ, பி ரெண்டும், 0. பகுதியில 0 வரக் கூடாது. வரையணும்னா (0, 0) கூட இன்னொரு புள்ளி எடுங்க. எக்ஸ் = 3 போட்டா (3, −6). பக்கத்துப் புள்ளி (1, −2) வேண்டாம், ஸ்கேல் துளி நகர்ந்தாலும் கோடு தூரத்துல விலகிடும்.